ரூபிக்குப் பார்த்த நல்ல பள்ளிக்கூடம்

மின்சார ரயில் கடக்கும்போதெல்லாம் எங்கள் வகுப்பின் ஓட்டுக்கூரையிலிருந்து மெல்லிய செந்தூசி உதிர்ந்து சிலேட்டின் மேலும் தலைமயிரிலும் படியும்; நாக்கில் பட்டால் உப்புக் கரிக்கும். இரும்புலியூரில் தண்டவாளத்தை ஒட்டியிருந்த அந்தத் தொடக்கப்பள்ளியில், எண்பதுகளின் நடுவில், நான் நான்காம் வகுப்பும் என் தங்கை ரூபி இரண்டாம் வகுப்பும் படித்தோம். இரண்டு வகுப்புகளுக்கும் ஒரே கூடம், ஒரே சரோஜா டீச்சர். ரயில் சத்தத்தில் அவர் குரல் முழுக்க அமுங்கிப்போகும், ஆனாலும் பாடத்தை நிறுத்த மாட்டார். ரயில் போனதும், "நான் இப்ப என்னா சொன்னேன்?" என்று கேட்பார். நாங்கள் எல்லோரும் விழிக்க, ரூபி மட்டும் எழுந்து சொல்லிவிடுவாள். அதை நாங்கள் "ரயில் வித்தை" என்போம். எனக்கு அதில் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்த அப்பாவுக்கு எங்களை "நல்ல ஸ்கூல்" ஒன்றில் சேர்க்க வேண்டும் என்ற ஆசை வெறியாகவே இருந்தது. தாம்பரத்தில் ஓர் ஆங்கிலப் பள்ளி. பெயர் இப்போது எதற்கு? மூன்று மாடி, கழுவிவிட்ட வராந்தா, எந்த வகுப்பிலிருந்தும் ஒரு சத்தமில்லை. அதைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து அம்மாவிடம் அதே பேச்சுதான்: "அத்தனை பசங்க உள்ள இருக்காங்க, ஒரு சத்தம் இல்ல ஜெயா. அதான் டிசிப்ளின், அதான் ஸ்கூல்." நேர்முகத் தேர்வில் தலைமை ஆசிரியை மேசைக்கு எதிரே உட்கார்ந்து முகம் பார்த்துக் கேட்டதால் ரூபி எல்லாவற்றுக்கும் டக் டக்கென்று பதில் சொன்னாள். இருவருக்கும் இடம் கிடைத்தது.

பழைய பள்ளியில் டி.சி. கேட்ட அன்று சாயங்காலமே சரோஜா டீச்சர் வீட்டுக்கு வந்துவிட்டார். அம்மா கொடுத்த காப்பியைக்கூடத் தொடவில்லை.

"சார், ரூபி வாயப் பாத்துதான் பேச்சப் புரிஞ்சிக்கிறா. நான் திரும்பி நின்னு கூப்ட்டா அவளுக்குத் தெரியல. காதை ஒருவாட்டி டாக்டர்கிட்ட காட்டிடுங்க. எங்க சேத்தாலும் மொத பெஞ்சுல உக்கார வெக்கச் சொல்லுங்க சார்."

"சரிங்க டீச்சர், பாத்துக்கறேன்" என்றார் அப்பா. டீச்சர் தெருமுனை திரும்பியதும் அப்பாவின் குரல் மாறியது. "ஒரே நாள்ல ரெண்டு பொண்ணுங்க போனா அவங்க ஸ்ட்ரென்த் கொறையும்ல. அதுக்கு நம்ம பொண்ண செவிடுன்றாங்க."

"எதுக்கும் ஒருதரம் காட்டிடலாமே" என்றாள் அம்மா.

"காட்டி, அந்த ஸ்கூலுக்குத் தெரிஞ்சா குடுத்த சீட்ட புடுங்கிக்க மாட்டானா? பேசாம இரு."

அம்மா பேசாமல் இருந்தாள். நானும்தான். ரூபியைப் பின்னாலிருந்து கூப்பிட நேர்ந்தால் தோளைத் தொட்டுத்தான் கூப்பிட வேண்டும் என்பது எனக்கு நன்றாகவே தெரியும்.

புதிய பள்ளியில் உயர வரிசைப்படி உட்கார வைத்தார்கள். வளர்த்தியான ரூபிக்குக் கடைசி பெஞ்சு. அவளுடைய மிஸ் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசுவார். "டிக்டேஷன்" என்றால் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்துகொண்டே சொல்வார். வேறு வழியில்லாமல் ரூபி பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்து எழுதினாள். காப்பியடிக்கிறாள் என்று அவளை வராந்தாவில் முட்டி போட வைத்தார்கள்.

அன்று என் வகுப்பு வரிசையாக நூலகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. முட்டி போட்டிருந்த ரூபி என்னைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ந்து கையைத் தூக்கி ஆட்டினாள். எனக்குப் பின்னால் வந்த பெண் கேட்டாள்: "உன் தங்கச்சியா?"

"இல்ல" என்றேன்.

அந்தப் பக்கம் திரும்பாமலே நடந்தேன். பிறகு திரும்பிப் பார்த்தபோது அவள் கை இன்னும் பாதி தூக்கியபடியே இருந்தது. நான் என்ன சொன்னேன் என்பது அவள் காதில் விழுந்திருக்காதுதான், ஆனால் அவளுக்குக் காது தேவையில்லையே.

அதன்பின் ரூபி மெல்ல மெல்லப் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். எதைக் கேட்டாலும் ஒரு சிரிப்பு. ரிப்போர்ட் கார்டில் ஒவ்வொரு தடவையும் "கவனமில்லை" என்று சிவப்பு மையில் வந்தது. "கூப்பிட்டா திரும்பக்கூட மாட்டேங்கறா, அவ்ளோ திமிரு" என்று அப்பா அடிப்பார். எதற்காக அடி விழுகிறது என்று தெரியாமல் அவள் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

ரூபி ஐந்தாம் வகுப்பு முடித்ததும் அப்பாவைப் பள்ளிக்கு அழைத்தார்கள். "ஹைஸ்கூல் இவளால முடியாது சார். எங்க ரிசல்ட் போயிடும். வேற எடம் பாருங்க" என்று டி.சி.யை நீட்டினார்கள். அப்பா எத்தனையோ கெஞ்சினார். அதன்பிறகுதான் காது டாக்டரிடம் போனோம். சோதித்து முடித்த டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "இத்தன வருஷம் இந்தக் கொழந்த எப்படி சமாளிச்சா? ஸ்கூல்ல ஒருத்தர்கூடவா சொல்லல?"

"சொன்னாங்க டாக்டர்" என்றார் அப்பா. "ஒருத்தங்க சொன்னாங்க."

திரும்பும் வழியில் ரயிலில் அவர் முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டே வந்தார். மறுநாள் இரும்புலியூர்ப் பள்ளிக்கு ஓடினார். சரோஜா டீச்சர் மாற்றலாகிப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது.

ஆறாம் வகுப்புக்கு ஓர் அரசுப் பள்ளியில் சேர்த்தோம். நெஞ்சில் தொங்கிய காதுக்கருவிப் பெட்டியைப் பிள்ளைகள் ரேடியோ என்று இழுத்து விளையாடினார்கள். மூன்றே வாரம். ஒரு திங்கட்கிழமை காலை யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு, கட்டில் காலைக் கட்டிப் பிடித்தபடி, "நான் போக மாட்டேன்ப்பா" என்றாள். பல மாதங்களில் அவள் முழுசாகப் பேசிய வாக்கியம் அதுதான். அப்பா வற்புறுத்தவில்லை. வற்புறுத்தும் தைரியத்தை அவர் இழந்துவிட்டிருந்தார். ரூபி தையல் கற்றுக்கொண்டாள். நான் கல்லூரி வரை போனேன்.

இன்று அப்பா இல்லை. ஓட்டுப் பள்ளி இருந்த இடத்தில் நாலு மாடிக் குடியிருப்பு நிற்கிறது. அந்தப் பக்கம் போனால் எந்த இடத்தில் எங்கள் கூடம் இருந்தது என்றே என்னால் சொல்ல முடிவதில்லை. சரோஜா டீச்சரை நாங்கள் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை.

ரூபி இப்போது பெருங்களத்தூரில் இருக்கிறாள். சென்ற வருடம் கோடை விடுமுறைக்கு முன்பே அவள் மகள் ஜெனியை ஆறாம் வகுப்பில் சேர்க்க, என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பள்ளி பள்ளியாக ஏறி இறங்கினாள். முதல் பள்ளியில் குளிர்சாதன வகுப்பையும் கணினி அறையையும் எனக்குக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்குள் ரூபி நடந்துகொண்டிருந்த ஒரு வகுப்பில் அனுமதி கேட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து, "இங்க வேணாம்க்கா. பின்னாடி இருக்கற பசங்க பேரு அந்த மிஸ்ஸுக்குத் தெரியல" என்றாள்.

மூன்றாவது பள்ளியில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாள். "இது போதும்" என்றாள். சின்னப் பள்ளிதான், சுண்ணாம்பு உரிந்த சுவர். அலுவலகத்தில் கொடுத்த விண்ணப்பத்தை அழகான கையெழுத்தில் ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள். ஜெனி எட்டிப் பார்க்காதபடி காகிதத்தை என் பக்கம் நகர்த்தி, பேனாவை என் கையில் வைத்தாள்.

"இத மட்டும் நீ எழுதுக்கா."

தாயின் கல்வித் தகுதி என்று இருந்தது. நான் எழுதினேன்: ஐந்தாம் வகுப்பு.