பின்னணியில் சிரித்த பேச்சியம்மாள்

சென்ற வாரம் காலை காபி நேரத்தில் ஒரு போன். தெரியாத எண். எடுத்தேன்.

"அக்கா, ஏழாயிரம்பண்ணையிலருந்து காளீஸ்வரி பேசுதேன். பேச்சியம்மா மக. உங்க அத்தை மகன்தான் நம்பர் குடுத்தாக. வேலையா இருக்கீகளா?"

"இல்லம்மா, சொல்லு."

"உங்க நாடகத்தை இப்ப செல்லுல போடுதாகள்ல... அதுல எங்கம்மா சிரிக்க மாட்டேங்குது."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் சீரியலில் பேச்சியம்மா என்று யாரும் நடிக்கவில்லையே? பிறகு சட்டென்று புரிந்தது. புரிந்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

பத்திக்குப் புதிதாக வருபவர்களுக்காக ஒரு வரி — காமெடி சீரியல் எழுதுவது என் பிழைப்பு. விருதுநகரில் பிறந்து, சிவகாசி அச்சகம் ஒன்றில் காலண்டருக்குப் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தவள். கையிலிருந்த வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்கு பஸ் ஏறினேன். தைரியம் என்று சிலர் சொல்வார்கள். வீட்டில் வேறு வார்த்தை சொன்னார்கள்.

என் முதல் சீரியல் அச்சகம் நடத்தும் ஒரு குடும்பத்தின் கதை. அப்போதெல்லாம் காமெடி என்றால் பின்னணியில் சிரிப்புச் சத்தம் இருந்தே ஆகவேண்டும். அதற்கென்றே ரெடிமேடாக ஒரு சிடி கொடுத்தார்கள். அதில் சிரித்தவர்கள் எந்த நாட்டுக்காரர்களோ... எங்கள் மாமியார் கதாபாத்திரம், "கம்மங்கூழுல உப்பு எங்கடி?" என்பாள். உடனே ஓர் ஆள் "ஒஹ்ஹோ" என்று சிரித்து விசிலும் அடிப்பான். கம்மங்கூழைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்?

பார்த்தவர்களுக்கும் ஒட்டவில்லை. ரேட்டிங் படுத்துவிட்டது. "பொங்கல் வரைக்கும் பார்ப்போம் மேடம்" என்றது சேனல். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சவுண்ட் இன்ஜினியர் மீரான் பாய்தான் கேட்டார். "உங்க ஊர்க்காரங்க சிரிக்க மாட்டாங்களா மேடம்?"

தீபாவளி முடிந்த சமயம் அது. பட்டாசு யூனிட்டுகள் மூடிக்கிடக்கும். வேலைக்குப் போகிற ஜனம் மொத்தமும் வீட்டில் இருக்கும். ஏழாயிரம்பண்ணை என் அத்தையின் ஊர் என்பதால் சமுதாயக்கூடம் சுலபமாகக் கிடைத்தது. புது எபிசோடுகளைத் திரையில் ஓடவிட்டோம். மேலே மைக்குகளைத் தொங்கவிட்டோம். கூட்டத்துக்குக் குறைவில்லை.

ஒருவரும் சிரிக்கவில்லை.

'இப்போது சிரியுங்கள்' என்று உட்காரவைத்தால் யாருக்குத்தான் சிரிப்பு வரும்? எல்லோரும் மைக்கையே பார்த்துக்கொண்டு, குரூப் போட்டோவுக்கு உட்கார்ந்தவர்கள் மாதிரி விறைத்துப்போய் இருந்தார்கள். சொந்த ஊர்ப் பக்கமே சிரிக்காத ஜோக்கை வைத்துக்கொண்டு நான் சென்னையில் என்ன செய்வது?

அப்போதுதான் தாமதமாக உள்ளே வந்தார் பேச்சியம்மாள். யூனிட்டில் பட்டாசுச் சரம் பின்னுகிறவர். ரெக்கார்டிங், மைக் எதுவும் அவருக்குத் தெரியாது. படம் போடுகிறார்கள் என்று வந்தவர். ஓரமாக உட்கார்ந்து பார்த்தார். சற்று நேரத்தில் அவர் தோள் மட்டும் குலுங்கியது. சத்தமே இல்லை. பிறகு விக்கல் மாதிரி ஒன்று. அதற்குப் பிறகு நீளமாக ஒரு "ஹீ..." — அது எங்கே போய் முடியும் என்று அவருக்கே தெரியாது.

பக்கத்தில் இருந்த பெண் அவரைப் பார்த்துச் சிரித்தாள். அவளைப் பார்த்து அடுத்தவள். கொஞ்ச நேரத்தில் கூடமே குலுங்கியது. கடைசியில் என் ஜோக்குக்குச் சிரித்தார்களா, பேச்சியம்மாளுக்குச் சிரித்தார்களா... இன்றுவரை நான் அதை ஆராய்ச்சி செய்யவில்லை.

அந்தச் சிரிப்பைத்தான் அந்த சீரியல் முடியும்வரை வைத்து ஓட்டினோம். பொங்கல் தாண்டியது. வருடங்கள் தாண்டின. அதை நம்பித்தான் அடுத்தடுத்த சீரியல்களை என்னிடம் கொடுத்தார்கள். வீடு, பெயர், இந்தப் பத்தி எல்லாமே அதற்குப் பிறகு வந்தவை.

"அம்மா நல்லா இருக்காங்களா?" என்று காளீஸ்வரியிடம் கேட்டேன்.

"தவறிருச்சுக்கா. மாசியில."

பட்டாசு வெடிவிபத்துகளைப் பார்த்துப் பழகிய எங்கள் பக்கம் இப்படி ஒரு செய்தி வந்தால் அடுத்த கேள்வி தானாக வந்துவிடும். "யூனிட்லயா?"

"இல்லக்கா, வீட்டுலதான். நெஞ்சுவலி. 'படுக்கையில போனா... குடுத்து வச்சவ'ன்னு ஊரே சொல்லுச்சு."

அம்மாவுக்கு கேமரா என்றால் பயமாம். சுவரில் மாட்டியிருக்கும் படம்கூட ஆதாருக்கு எடுத்ததைப் பெரிதாக்கியது. அதில் முறைக்கிறாராம். குரல் எதிலும் பதிவாகவில்லை. அதனால் சாப்பாடு முடிந்ததும் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து, செல்போனில் என் சீரியலின் ஒரு எபிசோடைப் போடுவார்களாம்.

"கதைக்காக இல்லக்கா. 'இந்தா, அம்மா விக்குது'ன்னு சொல்லிக்கிடுவோம். போன வாரம் பாத்தா, எல்லாரும் பேசுதாக... சிரிப்ப மட்டும் காணும்."

சேனலுக்குப் போன் செய்தேன். டிஜிட்டல் பிரிவில் ஒரு தம்பி. "லாஃப் டிராக்கை இப்ப யாரும் ரசிக்கிறதில்ல மேம். அதான் எடுத்துட்டு, புதுசா ஏத்திருக்கோம்" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். சிரிப்பு சேர்த்த பழைய பிரதி? தேடிவிட்டு, "இல்ல மேம், சாரி" என்றார்.

மிச்சம் இருந்தது மீரான் பாய் ஒருவர்தான். அவர் ஓய்வுபெற்று மகன் வீட்டில் இருக்கிறார். விஷயத்தைச் சொன்னேன். "பார்க்கிறேன் மேடம்" என்றார். சாயங்காலமே கூப்பிட்டார்.

"இருக்கு. அன்னிக்கு எடுத்தது முழுசா இருக்கு."

"இத்தனை வருஷம் எதுக்கு பாய் வச்சிருந்தீங்க?"

"நல்ல சத்தம் மேடம். அழிக்க மனசு வரல."

ஞாயிற்றுக்கிழமை ஏழாயிரம்பண்ணைக்குப் போனேன். காளீஸ்வரி, அவள் கணவர், பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர். ஃபேன் சத்தம் இடைஞ்சல் என்று அதை நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்க உட்கார்ந்தோம். ரெக்கார்டிங்கை ஓடவிட்டேன்.

சிரிப்பு வந்தது. விக்கல் வந்தது. பெண்கள் தலையாட்டிக்கொண்டார்கள். ஒரு எபிசோடு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் — சீரியலில் நாங்கள் பயன்படுத்தாத பகுதி அது — கூட்டத்தின் இரைச்சலுக்கு நடுவே ஒரு குரல்.

"ஏட்டி காளி... ஒலைய எறக்கி வச்சியா?"

காளீஸ்வரி அந்த நிமிடமே, போனைப் பார்த்து, "வச்சுட்டேம்மா" என்றாள்.

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ரெக்கார்டிங் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் அந்தப் பழைய கூட்டம் அடுத்த ஜோக்குக்குச் சிரிக்க ஆரம்பித்துவிட்டது. எங்களுக்கும் தொற்றிக்கொண்டது. அழுதுகொண்டே சிரித்தோம்... எனக்கு வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

எனக்கு மேடைகளில் கைதட்டல் கிடைத்திருக்கிறது. விருது வாங்கியிருக்கிறேன். அவற்றுக்கெல்லாம் அன்று அந்தக் கூடத்தில் பிள்ளையார்சுழி போட்டவர் வீட்டில், அவர் மகளுக்குக் கொடுக்க என்னிடம் ஒரு பொருள் இருந்ததே... அந்த பாக்கியம் எத்தனை எழுத்தாளருக்கு வாய்க்கும்?

கிளம்பும்போது கேட்டேன். "அம்மாவுக்கு என் சீரியல் ரொம்பப் பிடிக்குமோ?"

காளீஸ்வரி சங்கடத்தோடு கணவரைப் பார்த்தாள்.

"டிவியில வந்தப்ப ஒருநாளும் பாத்ததில்லக்கா. 'அதான் மொதல்லயே சிரிச்சாச்சே'ன்னு அழுகுற நாடகத்துக்கு மாத்திரும்."

போகட்டும்... எந்த சேனலை வேண்டுமானாலும் பார்த்திருக்கட்டும், மகராசி.