மாலை போட்ட வால்வு

எங்கள் பிளான்ட்டில் ஐஸ் பார்க்கிற வேலை என்று ஒன்று உண்டு. கம்பெனிக் காகிதத்தில் அதற்குப் பெயர் கிடையாது. ‘கான்ட்ராக்ட், ஹவுஸ்கீப்பிங்’ என்றுதான் இருக்கும். பதினோரு வருடமாக அதைச் செய்தவர் பென்னலூர் ஜோதியக்கா. நான் கோபிநாத், அதே பிளான்ட்டில் கன்ட்ரோல் ரூம் ஆபரேட்டர், குன்றத்தூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவன். அக்காவைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை இல்லை. வேறு யாரும் பேசப் போவதில்லை என்பதால் பேசுகிறேன்.

ஒரகடம் போகிற ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் பிளான்ட். காற்றை இழுத்து, உறையக் குளிரவைத்து, அதிலிருந்து நைட்ரஜனைப் பிரித்துக் குழாய் வழியாகப் பக்கத்துக் கண்ணாடி ஃபேக்டரிக்கு அனுப்புகிறோம். அங்கே உருகிய வெள்ளீயத்தின் மேல் கண்ணாடி மிதந்துகொண்டே போகும். அதற்கு மேலே எந்நேரமும் நைட்ரஜன் மூடியிருக்க வேண்டும். சில நிமிடம் இல்லாமல் போனாலும் வெள்ளீயம் கெட்டு, கண்ணாடி கெட்டு, அவர்கள் லைன் நாள்கணக்கில் படுத்துவிடும். ஆகவே எங்கள் மெஷின் நின்றாலும் கேஸ் நிற்கக் கூடாது. அதற்குத்தான் பேக்கப். பெரிய டேங்கில் திரவ நைட்ரஜன் எப்போதும் நிறைந்திருக்கும். மெஷின் நின்ற நொடியில் ஒரு வால்வு தானாகத் திறக்கும். திரவம் வேப்பரைசர் வழியாக ஓடி வாயுவாகிக் குழாய்க்குப் போகும். வேப்பரைசர் என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. மாடி உயரத்துக்கு அலுமினியத் துடுப்புகள் வரிசையாக நிற்கும். வெளிக்காற்றின் சூடே போதும், உள்ளே ஓடுகிற திரவம் வாயுவாகிவிடும். அப்படி ஓடும்போது துடுப்புகளின் மேல் வெள்ளை வெளேரென்று ஐஸ் பிடிக்கும். அந்த ஐஸைத் தண்ணீர் அடித்துக் கரைப்பதுதான் அக்காவின் வேலை.

கரைத்துக் கரைத்து அவருக்கு அது பழகிப்போனது. மாதாமாதம் பேக்கப் டெஸ்ட் ஓட்டுவோம். நாங்கள் ஏசி அறையில் ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருப்போம். அக்கா வெளியே துடுப்புகளை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்து, “ரெண்டாவதுல அடியில ஐஸ் கட்டல சார், இன்னாவோ அடைச்சிகினு கீது” என்பார். டிப்ளமோ, பி.இ. படித்த நாங்கள் சிரிப்போம். பிறகு பிரித்துப் பார்த்தால் அடைத்திருக்கும். இது ஒருமுறை இரண்டுமுறை இல்லை.

முதல் நான்கு வருடம் அவருக்குக் கொடுத்தது துணிக் கையுறை. குளிருக்கான கையுறை எங்களுக்கு மட்டும்தான். வலது கையில் கடைசி இரண்டு விரல்கள் மரத்துப் போய்விட்டன. கொதிக்கிற டீ கிளாஸை அந்த இரண்டு விரலால்தான் பிடிப்பார். “சுடலையாக்கா?” என்று கேட்டால், “இன்னாத்த சுடும்” என்பார். அவர் பேச்சே அப்படித்தான். அவருடைய கணவர் மோகன் அண்ணன் மறைமலை நகரில் கார் கம்பெனி ஒன்றில் கான்ட்ராக்டில் இருந்தவர். அவர் கால் உடைந்து படுத்த மறுநாள் காலை அக்கா ஷிப்டுக்கு வந்து நின்றார். லீவு போடக் கூடாதா என்று கேட்டேன். “வூட்ல குந்திகினு அவர் கால பாத்துகினே இருக்கவா?” என்றார். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

அந்த முகம் சிரித்து நான் பார்த்தது ஒரே ஒரு தடவை. எங்கள் பிளான்ட் மேனேஜர் தேவராஜன் சார் அவரைக் கூப்பிட்டு, ஜனவரியில் நிரந்தரமாகக் கம்பெனி ரோலில் எடுக்கப் போகிறோம் என்று சொன்ன அன்று. அக்கா நேரே கன்ட்ரோல் ரூம் வாசலுக்கு வந்தார். “கோபி, எனக்கும் இந்த நீலச் சட்டைதான் குடுப்பாங்களா?”

“ஆமாக்கா, பேர் தெச்சு.”

“ஜோதின்னா? மோகன் ஜோதின்னா?”

நான்கு நாள் இதே கேள்வி. இதற்காகத்தான் பதினோரு வருடம் ஒரு லேட் வராமல், ஒரு பேச்சு வாங்காமல் இருந்தார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அக்டோபரில் ஆயுத பூஜை வந்தது. எங்கள் பிளான்ட் நிற்காது, அதனால் ஓடுகிற மெஷினுக்கே பூஜை. கம்ப்ரஸருக்குச் சந்தனம், டேங்குக்குப் பட்டை, வால்வுகளுக்குப் பொட்டு. அதற்கு முன்பே பெயின்ட் அடிப்பதற்காக வால்வுகளில் போட்டிருந்த பூட்டுச் சங்கிலிகளைக் கழற்றியிருந்தார்கள். வேப்பரைசருக்கு அந்தப் பக்கம் பேக்கப் லைனில் கையால் திருப்புகிற வால்வு ஒன்று இருக்கிறது. அதன் கைப்பிடி குழாயோடு நேராக இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. எப்போதும் திறந்தே இருக்க வேண்டியது அது. நேராக இருக்கிற கைப்பிடியில் மாலை நிற்குமா? வழுக்கி வழுக்கி விழுந்தது. குறுக்கே திருப்பி, நன்றாகத் தொங்கவிட்டேன். நான்தான். அக்கா நூலைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“திருப்புறியே, பரவால்லியா?” என்றார்.

“பூஜை முடிஞ்சதும் நேராக்கிடறேன்க்கா” என்றேன்.

பூஜை முடிந்தது, பூசணிக்காய் உடைத்தோம், பொரியும் சுண்டலும் தின்றோம். எங்கள் பக்கத்தில் ஆயுத பூஜை மாலையைக் காய்கிற வரை யாரும் கழற்ற மாட்டோம். கழற்றினால் ஆகாது. மாலை இருக்கிற வரை கைப்பிடியும் அப்படியே நின்றது. நான் மறந்தேபோனேன்.

மூன்றாம் நாள் காலை பதினொன்றரை மணிக்குக் கரன்ட் ஒரு வெட்டு வெட்டியது. மெஷின் நின்றது. தானியங்கி வால்வு திறந்துவிட்டதாக ஸ்கிரீனில் பச்சை எரிந்தது. ஆனால் குழாயில் அழுத்தம் இறங்கிக்கொண்டே இருந்தது. ஆறே முக்கால், ஆறு, ஐந்தரை. ஐந்துக்குக் கீழே போனால் கண்ணாடி ஃபேக்டரியில் அலாரம் அடிக்கும். நான் என்ன செய்தேன் தெரியுமா? பச்சையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ‘திறந்துதானே இருக்கு, திறந்துதானே இருக்கு’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு வருட அனுபவமாம். தூ!

வெளியே அக்கா துடுப்புகளைப் பார்த்திருக்கிறார். ஐஸ் பிடிக்கவில்லை. ஐஸ் இல்லை என்றால் உள்ளே ஓட்டம் இல்லை. “கோபி! ஐஸ் கட்டல!” என்று கத்தியது கண்ணாடிக்கு இந்தப்பக்கம் எனக்குக் கேட்கவில்லை. கான்ட்ராக்ட் ஆள் வால்வில் கை வைத்தால் அன்றைக்கே கேட் பாஸைப் பிடுங்குவார்கள் என்பது அவருக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். மாலையைப் பிய்த்தெறிந்துவிட்டு, கைப்பிடியை மெல்ல மெல்லத் திருப்பினார். எங்கள் டெஸ்டைப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான். அழுத்தம் நாலே முக்கால் வரை போய், நின்று, ஏறியது. நான் ஓடி வெளியே வந்தபோது துடுப்புகள் வெளுக்க ஆரம்பித்திருந்தன. காலடியில் செவ்வந்தி சிதறிக் கிடந்தது.

நாலே முக்கால் என்பதால் அங்கே அலாரம் அடித்துவிட்டது. கஸ்டமர் விளக்கம் கேட்டான். ஹெட் ஆபீஸிலிருந்து சேஃப்டி பார்க்கிற சங்கரநாராயணன் சார் வந்தார், திருநெல்வேலிக்காரர். கேமராவைப் போட்டுப் பார்த்தார்கள். அக்கா மாலையைப் பிய்ப்பதும் கைப்பிடியைத் திருப்புவதும் துல்லியமாக இருந்தது. பூஜை நாள் காட்சியில் பச்சை இலை மட்டும்தான். கேமராக் கம்பத்திலும் வாழை கட்டியிருந்தோமே, மறுநாள்தான் அது வாடித் தொங்கியது!

தேவராஜன் சாரின் அறையில் ஷிப்ட் ஆட்கள் எல்லோரையும் நிறுத்தினார்கள்.

“வால்வ மூடுனது யாரு?” என்றார் சங்கரநாராயணன் சார்.

நான் தரையைப் பார்த்தேன்.

“நீங்கதாம்மா அங்கேயே நிக்கிற ஆளு. நீங்க பாத்தீங்களா?”

அக்கா என்னைப் பார்த்தார். “தெர்ல சார்” என்றார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாயில் என்ன கொழுக்கட்டையா? ஒன்றும் இல்லை. பயந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. உள்ளே எதுவுமே அசையவில்லை. மரக்கட்டை மாதிரி நின்றேன். ‘யாரால் என்று தெரியவில்லை’ என்று எழுதிக்கொண்டார்கள்.

மறுநாள் தேவராஜன் சார் என்னை மட்டும் கூப்பிட்டார். சங்கரநாராயணன் சாரும் அங்கே இருந்தார். மேஜையில் கஸ்டமருக்குப் போகிற அறிக்கை. ‘பணியிலிருந்த பயிற்சி பெற்ற ஆபரேட்டர் கோபிநாத் கோளாறை உடனே கண்டறிந்து, வால்வைத் திறந்து, விநியோகத்தைச் சீராக்கினார்’ என்று இருந்தது.

“சார், தொறந்தது ஜோதியக்கா.”

“கூட்டிப் பெருக்குற லேடி நம்ம பேக்கப்ப காப்பாத்துனாங்கன்னு கஸ்டமருக்கு எழுதட்டுமா?” என்றார் தேவராஜன் சார்.

“எழுதுனா கான்ட்ராக்டே போயிரும்லா” என்றார் சங்கரநாராயணன் சார். “கையெழுத்தப் போடுங்க தம்பி.”

போட்டேன். முழுப் பெயரும் எழுதி, தேதியும் போட்டேன்.

அன்று மாலை கான்ட்ராக்ட் சூப்பர்வைசர் கேட்டில் வைத்து அக்காவின் பாஸை வாங்கிக்கொண்டான். அனுமதியில்லாமல் வால்வில் கை வைத்தார் என்று காரணம். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். எங்கள் கேட்டில் அது ஜோதியக்கா. ஜனவரியும் போயிற்று, நீலச் சட்டையும் போயிற்று. ஹெல்மெட்டையும் ஷூவையும் எண்ணி வைத்துவிட்டு, செருப்பு மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் நின்றார். நான் பின்னாலேயே போனேன்.

“அக்கா, உள்ள போயி நான்தான் மூடுனேன்னு சொல்லிடறேன்க்கா.”

“சொல்றவன் நேத்தே சொல்லிருப்ப.” கோபமே இல்லை அந்தக் குரலில். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பிறகு, “காயிதத்துல இன்னா எழுதிக்கிறாங்க?” என்று கேட்டார்.

மறைக்க முடியவில்லை. “வால்வ தொறந்தது நான்னு எழுதிருக்காங்க.”

“நீ கையெழுத்து போட்டியா?”

“போட்டேன்க்கா.”

தலையை ஆட்டிக்கொண்டார். பஸ் திரும்புவது தெரிந்தது. பையைத் தோளில் மாட்டினார். பிறகு, கணக்கில் ஏதோ புரியாத பள்ளிக்கூடப் பிள்ளை வாத்தியாரிடம் கேட்பதுபோல், நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் என்னிடம் கேட்டார்.

“அப்ப நான் அத தொடவே இல்ல. அப்புறம் என்னிய எதுக்கு கோபி வெளிய அனுப்புறாங்க?”