பொருக்குக் காவல்

என் மருமகனுக்கு மோப்பம் என்று பேர் வைத்தது அவர் வேலை செய்யும் இடத்துச் சமையல்காரர். சரியாகத்தான் ஒட்டிக்கொண்டது. வீட்டில் பால் குறைந்தால் பூனையைப் பார்ப்பதற்கு முன்னால் என்னைப் பார்ப்பார். கதவைப் பூட்டி இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனை வரை போவார், திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பார். கெட்டவர் இல்லை. என் மகளை ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. யாரையும் நம்ப மாட்டார், அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவருக்கு வாய்த்தது மண்ணைக் காவல் காக்கும் வேலை. ஊருக்கு வெளியே பாலையில், ஆராய்ச்சிக்காரர்கள் ஒரு சரிவை வளைத்துக் கம்பிவேலி போட்டிருக்கிறார்கள். உள்ளே ஒரு பட்டை புல், ஒரு பட்டை வெறுந்தரை, மறுபடி புல் என்று சீப்பால் வாரிவிட்ட மாதிரி இருக்கும். வெறுந்தரை என்று நாம் சொல்வதன் மேல் கருப்பாகப் பொருக்குத் தட்டியிருக்கும். அதற்கு உயிர் இருக்கிறதாம். கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் கூட்டமாக இருந்து மண்ணைப் பிடித்து வைத்திருக்கின்றனவாம். மழை விழுந்தால் பொருக்கு அதிகம் குடிக்காது, சரிவில் கீழே இருக்கும் புல்லுக்கு வழியவிட்டுவிடும். அதில்தான் புல் பிழைக்கிறது. பொருக்கு உடைந்தால் ஆறப் பல வருஷம் ஆகும். "கால் படவே கூடாது" என்று ஆய்வாளர் அம்மா மருமகனிடம் சொல்லி வைத்திருந்தார்.

வேலியை ஒட்டித்தான் கிணற்றுப் பாதை. ஆடு மேய்க்கும் என் மகன் அந்த வழியாகத்தான் ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டுவான். போன வருஷம் வேலிக்கு உள்ளே, மேல் ஓரத்தில் பொருக்கு உடைந்திருந்தது. அதற்குக் கீழே இருந்த புல் கருக ஆரம்பித்தது. மருமகன் கைகாட்டியது என் மகனை. ஆய்வாளர் அம்மாவும் எதற்கும் இருக்கட்டும் என்று பாதையில் கதவு போட்டுப் பூட்டச் சொல்லிவிட்டார். ஆடுகள் குன்றைச் சுற்றிக்கொண்டு தூரத்துக் கிணற்றுக்குப் போயின. சினை ஆடுகள் நடக்க முடியாமல் மாதம் நிறையாமல் வழியிலேயே குட்டியைப் போட்டன. இப்படியே போனால் மந்தையே மிஞ்சாது என்று மகன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

நான் மருமகனைக் கேட்டேன்.

"அத்தை, உங்க பையனைச் சொல்றேன்னு வருத்தப்படாதீங்க. அவரு சிரிக்கிற சிரிப்பே சரியில்ல."

"பொறந்ததுலேருந்து அவன் அப்படித்தான் சிரிக்கிறான் மாப்பிள்ளை. கால்தடம் பாத்தீங்களா?"

"அங்கதான் சந்தேகமே. ஒரு தடம்கூட இல்ல. வந்துட்டு அழிச்சிட்டுப் போறாரு."

"ஆட்டுத் தடமும் இல்லையா?"

"அதையும் அழிச்சிடறாரு."

இத்தனை ஆட்டுக்கும் தடம் அழிக்கிறவன் ஆடு ஏன் மேய்க்கிறான்? என்னையும் அங்கே கூட்டிப்போங்கள் என்றேன். வெயில் என்றார். வெயில் எனக்குப் புதுசா என்று முக்காடு போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அன்றைக்கு ஆய்வாளர் அம்மாவும் அங்கே இருந்தார். வேலிக்கு வெளியே நின்றபடி ஒரு குவளைத் தண்ணீரை உள்ளே ஊற்றினார். கருப்பாகக் கிடந்த தரை, பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சையானது. மேல் ஓரத்திலும் ஊற்றினார். அங்கே மண் நனைந்ததோடு சரி.

"இது செத்துப்போச்சு. ஆனா ஆள் வந்ததுக்கு ஆதாரம் வேணும் அண்ணே. சும்மா ஒருத்தர் மேல பழி போடக்கூடாது."

"ஆதாரத்துக்குத்தான் மேடம் தினமும் பாடுபடறேன். பாருங்க."

மருமகன் வேலியின் மேல் ஒரு பலகையைச் சாய்த்து, அதில் ஏறி நின்றார். நீளக் கம்பில் கட்டிய துடைப்பத்தை உள்ளே நீட்டி, மேல் ஓரம் முழுக்கச் சர் சர் என்று பெருக்கிக் காட்டினார்.

"இப்படி மண்ணை நைசாக்கி வெச்சா எந்தக் கால் வந்தாலும் தடம் விழுந்துடும். என் கால் படலை, கவனிச்சீங்களா?"

ஆய்வாளர் அம்மா பெருக்கிய இடத்தைக் குனிந்து பார்த்தார். "துடைப்பத்தைக் கீழ வைங்க அண்ணே" என்றார். "எப்பலேருந்து பெருக்கறீங்க?"

"போன வருஷ மழைக்கு முன்னாடிலேருந்து..."

சொல்லும்போதே அவர் குரல் இறங்கியது. துடைப்பத்தைப் பார்த்தார், கருகிய புல்லைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

வேலை போகவில்லை. துடைப்பம்தான் போனது. பாதையைத் திறந்துவிடச் சொல்லிவிட்டார்கள்.

சாயங்காலம் மருமகன் தானாகவே ஆட்டுப்பட்டிக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன்.

"என்ன மாப்பிள்ளை, இங்கயும் தடம் பாக்க வந்தீங்களா?" என்றான் மகன், கட்டிலை விட்டு எழுந்திருக்காமல்.

"நான்தான் மச்சான்."

"என்ன நீங்கதான்?"

"பொருக்கை உடைச்சது. பெருக்கிப் பெருக்கி." எல்லாவற்றையும் சொன்னார். "கதவைத் திறந்தாச்சு. நாளைக்கு ஆட்டை ஓட்டிட்டு வாங்க."

"சாவி யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்டதான்."

"அதை அந்த அம்மாகிட்டக் குடுத்துட்டு வாங்க. அப்புறம் பேசலாம். உங்களை நம்பி நான் ஆட்டை ஓட்ட மாட்டேன்."

நம்பாதவரைப் பார்த்து நம்ப மாட்டேன் என்றால் எப்படி இருக்கும்? மருமகன் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் மறுபேச்சில்லாமல் ஆராய்ச்சி நிலையத்துக்கு நடந்தார். திரும்பி வரும்போது சாவி இல்லாத கையை விரித்துக் காட்டினார். மகன் கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான்.