காமர்ஸ் நுழைவுத் தேர்வுக்கு நாங்கள் படித்தது

அம்மா இறந்த பதினேழாம் நாள் நான் பி.யு.சி. பரீட்சை எழுதினேன். கடலூர் ஹாஸ்டலுக்குத் தந்தி வந்தது, நெய்வேலிக்குப் பஸ் ஏறியது, காரியம் முடிந்து ஹாஸ்டலுக்குத் திரும்பியது எல்லாம் நன்றாக நினைவிருக்கிறது. அழுததாக மட்டும் நினைவில்லை. அழவில்லை என்றே நினைக்கிறேன். முடிவு வந்தபோது கெமிஸ்ட்ரியில் பாஸ் மார்க்குக்கு மேல் இரண்டே மார்க் வாங்கியிருந்தேன். அந்த மார்க்குக்கு பி.எஸ்ஸி.யில் இடம் கிடைக்காது என்றார்கள். சரி என்றேன்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் வீட்டுக்கு எதிர் குவார்ட்டர்ஸில் என் சிநேகிதி இருந்தாள். தஞ்சாவூர்ப் பக்கத்துக் குடும்பம். அவளுடைய அப்பா ஒர்க்‌ஷாப்பில் ஃபோர்மேன். நாங்கள் இருவரும் ஒரே ஹாஸ்டலில், ஒரே அறையில் இருந்து படித்தவர்கள். ஒருநாள் காலை அவள் எங்கள் வீட்டுக்குள் வந்து, நான் அரிசி களைந்துகொண்டிருந்த இடத்திலேயே உட்கார்ந்தாள்.

"பி.காம். போலாமா?" என்றாள். "எந்த குரூப் படிச்சிருந்தாலும் சேத்துக்கறாங்களாம். ஒரு நுழைவுத் தேர்வு எழுதணும், அவ்வளவுதான்."

"அதுக்கு என்ன படிக்கணும்?"

"தெரியல. கண்டுபிடிப்போம்."

எனக்கு பி.காம். மேல் விருப்பமும் இல்லை, வெறுப்பும் இல்லை. அவள் நீட்டிய விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டேன்.

அப்பா சுரங்கத்தில் பம்ப் ஆபரேட்டர். பழுப்பு நிலக்கரிக்கு அடியில் கிடக்கும் ஊற்றுத் தண்ணீர் மேலே பொங்கிவிடாமல் நாள் முழுக்க இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கம்மாபுரம் பக்கம் எங்களுக்கு இருந்த நிலம் சுரங்கத்துக்குப் போன பிறகு கிடைத்த வேலை அது. ஷிஃப்ட் முடிந்து வந்து சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னேன்.

"காமர்ஸுன்னா இன்னாம்மா? யாவாரமா?"

"அது மாதிரிதாம்பா."

"பொம்பளப் புள்ளைங்க படிக்குதா அத?"

"ஒண்ணு ரெண்டு பேரு படிப்பாங்களாம்."

அவர் கொஞ்ச நேரம் மோர் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தார். "சும்மா வூட்ல குந்திகினு இருக்கறதுக்குப் படியேன்," என்றார். அம்மா போனபிறகு நாங்கள் பேசிக்கொண்ட நீளமான பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன்.

என்ன படிப்பது என்று டவுன்ஷிப்பில் யாருக்கும் தெரியவில்லை. கேட்ட இடமெல்லாம் இன்ஜினீயர்களும் ஃபிட்டர்களும் எலெக்ட்ரீஷியன்களுமாக இருந்தார்கள். ஒருவர் கணக்கு போதும் என்றார். இன்னொருவர் இங்கிலீஷ்தான் முக்கியம் என்றார். சிநேகிதி விடவில்லை. சுரங்கத்து ஸ்டோர்ஸில் பி.காம். படித்த கிளார்க் ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, அவர் ஆபீஸ் விட்டு வரும் வழியில் சைக்கிளை நிறுத்திக் கேட்டுவிட்டாள். நான் பக்கத்தில் நின்றேன். அவர் திகைத்துப்போய், ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி, ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னார். ஒரு பத்தியைச் சுருக்கி எழுதுவது. வட்டி, விழுக்காடு, கூட்டு வியாபாரக் கணக்குகள். வணிகப் புவியியல், அதாவது எந்தச் சரக்கு எங்கே விளைகிறது, எந்தத் துறைமுகம் வழியாகப் போகிறது. வியாபாரத்தில் புழங்கும் சொற்கள். கடைசியில் ஒரு கட்டுரை. மறுநாள் தன் பழைய புத்தகம் ஒன்றையும் கொடுத்தார். அட்டை இல்லை, முதல் பன்னிரண்டு பக்கமும் இல்லை.

சித்திரை, வைகாசி முழுக்க அந்தப் புத்தகத்தோடு கழிந்தது. அப்போது எங்கள் பிளாக்கில் மரங்கள் எல்லாம் இடுப்புயரக் கன்றுகள். நிழலே கிடையாது. பத்து மணிக்கே தரையில் கால் வைக்க முடியாது. அவள் வீட்டுக் கூடத்தில் சிமென்ட் தரையில் தண்ணீர் தெளித்து, அது காய்வதற்குள் படுத்துக்கொண்டு படிப்போம். சணல் எங்கே, மைக்கா எங்கே, காண்ட்லா துறைமுகம் எந்தக் கடற்கரையில் என்று அவள் கேட்பாள், நான் சொல்வேன். படித்ததெல்லாம் எனக்கு உடனே பதிந்தது. மனசில் வேறு எதுவும் இல்லாததால் பதிந்திருக்கலாம். அவளுக்கு அப்படி இல்லை. ஒவ்வொன்றையும் ஏன் என்று கேட்டு, சண்டை போட்டுப் படித்தாள்.

"எஃப்.ஓ.பி.ன்னா கப்பல்ல ஏத்தற வரைக்கும்தான் விக்கிறவன் செலவு. சி.ஐ.எஃப்.ன்னா இன்ஷூரன்ஸ், கப்பல் கூலி எல்லாம் அவனே கட்டணும். ஆனா நடுக்கடல்ல முழுகிப்போனா நஷ்டம் யாருக்கு? அத இதுல போடலியே," என்பாள். நான் அடுத்த பக்கத்தைப் புரட்டுவேன்.

தேர்வு ஒரு திங்கட்கிழமை. பல்கலைக்கழகத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். அப்பா லீவு போட்டிருந்தார். விடியும்போதே ஸ்டாப்பில் நின்றோம். சிநேகிதி வரவில்லை. பஸ் தூரத்தில் தெரிந்தபோது அவள் அம்மா மட்டும் வேகமாக வந்தார்.

"அவ வரலம்மா. இன்னிக்கி அவளப் பாக்க வராங்க. திடீர்னு சொல்லி அனுப்பிச்சாங்க. நல்ல எடம். நீ போய்ட்டு வா," என்றார்.

நான் "சரிங்க" என்றேன். பஸ் வந்தது, ஏறினேன். வழி முழுக்க ஜன்னலுக்கு வெளியே முந்திரித் தோப்பையும் பிறகு வயல்களையும் பார்த்துக்கொண்டு போனேன். அவளைப் பற்றி ஒன்றுமே யோசிக்கவில்லை. இதை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் நடந்தது அதுதான்.

தேர்வு அறையில் பெண்கள் என்று நானும் இன்னொருத்தியும்தான். மற்றவர்கள் பையன்கள். கிளார்க் சொன்னபடியேதான் கேள்விகள் வந்தன. கட்டுரைக்கு, உங்களுக்குத் தெரிந்த ஒரு தொழிலைப் பற்றி எழுதுக என்று இருந்தது. மேல்மண்ணை வெட்டுவது, தண்ணீர் இறைப்பது, கரியை பெல்ட்டில் அனுப்புவது என்று அப்பாவின் சுரங்கத்தை எழுதினேன். மணி அடிக்கும் முன்பே முடித்துவிட்டேன். வெளியே வேப்பமரத்தடியில் அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். எப்படி எழுதினாய் என்று கேட்கவில்லை. "பசிக்குதா?" என்றுதான் கேட்டார்.

நான் அவள் வீட்டுக்குப் போகவில்லை. தெருவைக் கடந்தால் அவள் வீடு, ஆனாலும் போகவில்லை. ஐந்தாம் நாள் அவளே வந்தாள்.

"நிச்சயம் ஆயிடுச்சு," என்றாள். பிறகு, "என்ன கேட்டாங்க? வரிசையாச் சொல்லு."

கேள்வித்தாள் என்னிடம் இருந்தது. அதை எடுக்கப் போனேன். வேண்டாம், நீயே வாயால் கேள் என்றாள். சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள். நான் முதல் கேள்வியிலிருந்து கேட்டேன். வட்டிக் கணக்கை விரலால் தரையில் போட்டுப் பார்த்து விடை சொன்னாள். துறைமுகங்களை மேற்குக் கரையில் தொடங்கி ஒன்றுவிடாமல் சொன்னாள். எஃப்.ஓ.பி., சி.ஐ.எஃப். வந்தது. அவள் சொல்லும்போதுதான் நான் இரண்டையும் மாற்றி எழுதிவிட்டு வந்தது தெரிந்தது.

"கட்டுரை?" என்றாள்.

சொன்னேன்.

"நான் நெசவு எழுதியிருப்பேன். கும்மோணத்துல எங்க மாமா வீட்ல தறி இருக்கு," என்றாள். நூல் வாங்குவதில் ஆரம்பித்துப் புடவை கடைக்குப் போவது வரை கட்டுரையை முழுவதும் சொல்லி முடித்தாள். அரை மணி நேரம் ஆகியிருக்கும். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஏதாவது சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு எனக்கு வருத்தம்கூட வரவில்லை.

அவள் எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டாள். "நான் பாஸ்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எனக்கு இடம் கிடைத்துக் கடிதம் வந்தது. அப்பா அதை வாங்கி, இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் கொஞ்ச நேரம் பிரித்து வைத்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

அவள் கல்யாணம் ஆனி மாதம் டவுன்ஷிப்பிலேயே நடந்தது. பந்தியில் தண்ணீர் ஊற்றினேன். மாப்பிள்ளை மதுரையில் பாங்க்கில் வேலை, நல்லவராகத்தான் தெரிந்தார். அவள் என்னைப் பார்த்து, "எப்பப் போற?" என்று கேட்டாள். நாளை மறுநாள் என்றேன். யாரோ அவளைப் போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள்.

மூன்றாம் நாள் அப்பா என் டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து முன்னால் நடந்தார். நான் பின்னால் போனேன்.