பேச்சு வேற, கிட்னி வேற

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் வெற்றிலைத் தட்டுக்கு ஒரு ரகசிய வேலை உண்டு. வம்பு இழுக்கக்கூடிய பெரியவர் யாரென்று வீட்டாருக்குத் தெரியும். வாய் ஓயாத ஒரு ஆள் கையில் தட்டைக் கொடுத்து அவர் பக்கத்தில் உட்கார வைப்பார்கள். தட்டு இல்லாவிட்டால் அந்த ஆள் அவர் கிட்டேயே போகமாட்டார். தட்டு இருந்தால் வெற்றிலை மடித்துக் கொடுத்தே அவரை எழுந்திருக்க விடமாட்டார்.

என் தாய்மாமாவுக்கு அம்மாவின் கிட்னியைப் பொருத்தியபோது, தினமும் மாத்திரை எதற்கென்று அவர் கேட்டார். நான் இந்தத் தட்டைத்தான் சொன்னேன். செல்லுக்குள் தானாகச் சேராத இரண்டு புரதங்களைச் சின்ன மூலக்கூறு ஒன்றால் ஒட்டவைப்பதுதான் என் ஆராய்ச்சியே. "மாத்திரை ஒரு புரதத்தோட ஒட்டிக்கிரும் மாமா. வேத்தாள் வந்துட்டான்னு உடம்பைக் கிளப்பிவிடுற இன்னொரு புரதத்தை, ரெண்டும் சேர்ந்து உக்கார வச்சிரும்."

"அப்ப உங்கம்மா கிட்னியும் என் உடம்பும் சண்டை போடாம இருக்கத்தான் இதா, ஏத்தா?"

நான் பெருமையாகத் தலையாட்டினேன்.

சண்டை அவர்களுக்குப் புதிதல்ல. ஒரு வரப்புத் தகராறில் அக்காளும் தம்பியும் பல வருஷமாகப் பேசுவதில்லை. கிட்னி கொடுக்க முன்வந்தபோதும் அம்மா பேசவில்லை. "பேச்சு வேற, கிட்னி வேற" என்றுவிட்டாள். மதுரை ஆஸ்பத்திரியில் நர்ஸ் மூலமாகவே நலம் விசாரித்துக்கொண்டார்கள்.

பிறகு குலசாமி கோயில் கிடாவெட்டில் மாமா எங்கள் பந்தியில் உட்கார்ந்தார். "இன்னும் கொஞ்சம் வைக்கவா தம்பி?" என்று அம்மாவே பரிமாறினாள். எங்கள் ஊரில் அதோடு பகை தீர்ந்தது என்று அர்த்தம். மாமாவோ அதோடு மாத்திரையையும் நிறுத்திவிட்டார். அடுத்த பரிசோதனையில், கிட்னி கெடுவதைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தத்தில் ஏறிக் கிடந்தது. டாக்டர் அதட்டியதும் உண்மை வந்தது. "ரெண்டு பேரும் ராசியாயிட்டோம்ல சார். இனி அந்தக் கிட்னி எதுக்கு எங்கூடச் சண்டைக்கு வரப் போகுது?"

இதை யார் சொல்லிக்கொடுத்தது என்பதுபோல் டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

ஊசி மேல் ஊசி போட்டுக் காப்பாற்றினார்கள். அந்த நாட்களில் பயந்ததுபோல் நான் என்றுமே பயந்ததில்லை. மாமா வீடு திரும்பிய நாளிலிருந்து அம்மா மறுபடி பேச்சை நிறுத்திவிட்டாள்.

இப்போதும் மாமா தொண்டி பஸ்ஸில் வந்து இறங்கினால் அவள் உள்ளறைக்குப் போய்விடுகிறாள். "இன்னுமா கோவம் போகலக்கா?" என்று அவர் வெளியிலிருந்து கெஞ்சுவார். பிறகு பெருமூச்சு விட்டு மாத்திரையைப் பிரித்து வாயில் போட்டுக்கொள்வார். அம்மா கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருப்பாள். போன வாரம் எனக்கே பொறுக்கவில்லை. "பேசித் தொலையேம்மா, பாவம்" என்றேன்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு மட்டும் ஆசை இல்லையாடி? நான் பேசுனா, ராசியாயிட்டோம்னு மாத்திரையை விட்டுருவான். அவன் இருந்தாப் போதும் எனக்கு."