அம்பாகோ திறக்காத தாழி

அம்பாகோ என் பக்கத்து வீட்டுக்காரன். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு மாதுளை வேலி, அவ்வளவுதான். அவன் வீட்டில் நடந்ததையெல்லாம் அந்த வேலி வழியாகப் பார்த்திருக்கிறேன். பார்க்காததை அவன் பெண்டாட்டி மக்வாலா வந்து சொல்லியிருக்கிறாள். ஊர் அவனைக் கஞ்சன் என்றது. ஊருக்கு என்ன, குடிக்க ஒயின் இருக்கிறது, பேச நாக்கு இருக்கிறது.

எங்கள் வாஸிகோரா மலையைச் சுற்றி ஓடும் மதிலையும் கோபுரங்களையும் இப்போது வெளியூர்க்காரர்கள் வந்து படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அந்தக் காலத்தில் படை எடுத்து வந்தவர்கள் முதலில் திராட்சைக் கொடியை வெட்டுவார்களாம், ஆளைப் பிறகுதான். கழுத்துவரை மண்ணில் புதைத்த தாழிகளை மட்டும் அவர்களால் தூக்க முடியவில்லை. அதனால்தானோ என்னவோ, எங்களுக்கு எல்லாமே தாழியில்தான். மகன் பிறந்தால் அந்த வருடத்து ஒயினைத் தனியாக ஒரு தாழியில் நிரப்பி, மூடியின்மேல் களிமண் பூசி விடுவோம். அவன் கல்யாணத்தன்று திறப்போம். கல்யாணத்துக்கு முன்னால் செத்துப்போனால் அவன் சாவு விருந்துக்குத் திறப்போம். வேறு எதற்கும் திறப்பதில்லை.

பூசிய களிமண் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும். காய்ந்தால் வெடிக்கும், காற்று உள்ளே போகும், ஒயின் புளித்துக் காடியாகிவிடும்.

அம்பாகோவின் மகன் கோச்சா பிறந்தபோது நிரப்பிய தாழிக்கு ஊரில் தனி மதிப்பு. காரணம் இருக்கிறது. கோச்சா கொஞ்சம் வளர்ந்த பிறகு, குடியை ஒழிக்கிறோம் என்று மாஸ்கோவிலிருந்து ஒரு உத்தரவு வந்ததே, அந்தச் சமயம் இந்தச் சரிவில் இருந்த பழைய கொடிகளையெல்லாம் வெட்டச் சொன்னார்கள். அம்பாகோவின் கொடியை அம்பாகோ கையாலேயே வெட்ட வைத்தார்கள். எந்த வரிசை விட்டுப்போயிற்று என்று பக்கத்தில் நின்று விரல் நீட்டிக் காட்டியவன் எங்கள் ஊர்க்காரனே, உஷாங்கி. இந்த முறை வெட்ட வந்தவர்கள் அந்நியர்கள் இல்லை. ஆக, அந்தக் கொடியின் ஒயின் உலகத்தில் மிச்சமிருந்தது கோச்சாவின் தாழியில் மட்டும்தான்.

அப்புறம் சுஹுமியில் சண்டை வந்தது. கோச்சா ஊர்ப் பையன்களோடு சண்டைக்கு லாரியில் ஏறிப்போனான். மற்ற வீடுகளுக்கு உடம்பாவது வந்தது. இவனுக்கு ஒன்றும் வரவில்லை. கூடப் போனவர்கள், அவன் விழுந்ததைப் பார்த்தோம் என்றார்கள்.

"விழுந்தான்னுதான சொல்றீங்க, செத்தான்னு எவன் பாத்தான்?" என்று கேட்டு அவர்களை வாசலோடு விரட்டினான் அம்பாகோ.

அவன் கணக்கு எளிதானது. தாழி மூடியிருக்கும்வரை மகன் உயிரோடு இருக்கிறான். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் செம்பில் தண்ணீர் எடுத்துப்போய்க் களிமண்ணை நனைப்பான். மக்வாலா ஒருநாள் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு வந்தாள். பிள்ளையைப் பறிகொடுத்தவள், வேறென்ன கட்டுவாள்? அவள் தலையிலிருந்து அதை உருவி அடுப்பில் போட்டான் பாவி. நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன்.

"இன்னொரு தடவ கறுப்பு கட்டின, உன்னையும் சேத்து அடுப்புல வெப்பேன். எம் புள்ள உசுரோட இருக்கான்டி!"

"எனக்கு அழணும்யா. ஒரே ஒரு நாள் வாய்விட்டு அழுதுக்கறேன், விடுய்யா."

"அழு, யாரு வேணாம்னா? சிவப்பக் கட்டிக்கிட்டு அழு."

அதற்குப்பின் பூப்போட்ட சிவப்புத் துணியோடுதான் அவள் எங்கள் ரொட்டி அடுப்புக்கு வருவாள். ஊர்ப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு சிரிப்பார்கள். உஷாங்கிதான் ஊர் விருந்துகளின் தலைவன். கோப்பையைத் தூக்கி முதல் வார்த்தை பேசுகிறவன். அவன் வாய் சும்மா இருக்குமா?

"என்ன அம்பாகோ, பையனுக்குப் பொண்ணு பாத்தாச்சா? இல்ல, நீயே ராத்திரியில குழாய் போட்டு உறிஞ்சிடறியா? எனக்கும் வயசாகுது, ஒரு வாய் கண்ணுல காட்டிட்டு அப்புறம் கஞ்சத்தனம் பண்ணுய்யா."

அம்பாகோ நேரே நடையைக் கட்டுவான். வீட்டுக்கு வந்து அந்த எரிச்சலையும் மக்வாலாமேல்தான் கொட்டுவான்.

ஒரு கோடையில் வால்நட் மரத்திலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டு தெலாவி ஆஸ்பத்திரியில் கிடந்தான். கிடந்த இடத்திலிருந்தும் அவன் சொல்லியனுப்பியது ஒன்றே ஒன்று: தாழியை நனை. மக்வாலா நனைக்கவில்லை. அந்த வெயிலில் களிமண் பாளம் பாளமாக வெடித்தது. நான் பதறிப்போய்த் தண்ணீர்க் குடத்தோடு வேலியைத் தாண்டப் போனேன்.

"வெச்சுட்டுப் போ நஸி," என்றாள்.

"மக்வாலா, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? அது உம் புள்ளையோடதுடி!"

"எம் புள்ளையோடதுதான். செத்துப்போன எம் புள்ளையோடது. அவனுக்காக என்னை ஒரு சொட்டுக் கண்ணீர் விட விடல இந்த மனுசன். இனி காடிக்கு வாழ்நாளெல்லாம் தண்ணி ஊத்தட்டும். நான் பக்கத்துல உக்காந்து பாக்கறேன்."

அவன் திரும்பி வருவதற்குள் வெடிப்புகளில் புது மண்ணை அழுத்தி அடைத்து, மேலே நைசாக மெழுகிவிட்டாள். அவன் கோலூன்றி நடந்துபோய் முதல் வேலையாகச் செம்பைத் தூக்கினான். அவள் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஏன் விட வேண்டும்? அது அவளுடைய நியாயம்.

அவள் செத்தபோது அவன் செய்ததை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. சவப்பெட்டியிலும் சிவப்புத் துணிதான் கட்டச் சொன்னான். சாவு விருந்துக்குக் கடையிலிருந்து பிளாஸ்டிக் கேனில் ஒயின் வாங்கிவந்து ஊற்றினான். ஒயின் விளைகிற ஊரில் கடை ஒயின்! உஷாங்கி அதை முகர்ந்து பார்த்து, "கட்டின பொண்டாட்டிக்கு இதுதான் மரியாதை. சொந்தத் தாழியில ஒரு செம்பு மொண்டா கை அழுகிடுமா?" என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னான்.

பிறகு பாரம்பரியத் திருவிழா என்று ஒன்று ஆரம்பித்தார்கள். தலைநகரத்திலிருந்து வந்தவர்கள் கோச்சாவின் தாழியை விருந்தாளிகள் முன்னால் மேளதாளத்தோடு திறக்க வேண்டும் என்றார்கள். கூட்டிவந்து காட்டியவன் உஷாங்கி. அவனுக்குக் காட்டிக்கொடுப்பது பழக்கம்தானே. அம்பாகோ கொடி வெட்டிய அதே கோடாலியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தாழிமேல் உட்கார்ந்தான். "வாங்க, திறங்க," என்றான். அவர்கள் மதிலைப் படம் பிடிக்கப் போய்விட்டார்கள்.

கடைசியில் கோச்சா வந்தான். சுஹுமிப் பக்கம் தோண்டி எடுத்த எலும்புகளை அம்பாகோவின் ரத்தத்தோடு ஒத்துப் பார்த்து, இவன்தான் என்று சொல்லிவிட்டார்கள். முழு நீளச் சவப்பெட்டி. வண்டியிலிருந்து ஒரே ஆள் தனியாகத் தூக்கி இறக்கிவிட்டான். அம்பாகோ அதைத் தொடக்கூட இல்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தாழிக்குப் போனான். ஊரே பின்னால் போனது. உஷாங்கி ஜாடியோடு முதல் ஆளாக நின்றான். இழவு வீட்டில் எச்சில் ஊறியதை அன்றுதான் பார்த்தேன்.

மேல்பூச்சு பாளமாகப் பெயர்ந்து வந்தது. அடியில், வெடிப்பை அடைத்த மண்ணில், வரிசையாக விரல் குழிகள். அம்பாகோ களிமண்ணை மரக்கட்டையால்தான் தட்டுவான், கையால் தொடவே மாட்டான். குழிகளில் தன் விரலை வைத்துப் பார்த்தான். அவன் விரல் தடிமன், உள்ளே போகவில்லை. மூடியைத் தூக்குவதற்கு முன்பே அவனுக்குத் தெரிந்துவிட்டது. தூக்கியதும் எழுந்த நெடியில் எங்கள் எல்லோருக்கும் கண் எரிந்தது.

"ஐயையோ, காடியாயிடுச்சே!" என்று தலையில் அடித்துக்கொண்டான் உஷாங்கி. "சரி விடு அம்பாகோ. எங்க வீட்லேருந்து ஒயின் கொண்டாரச் சொல்றேன்."

"ஒண்ணும் வேணாம். இதையே மொள்ளுங்க," என்றான் அம்பாகோ.

ஆட்டுக்கறிச் சோறு வைத்தோம். நான் சுட்ட ரொட்டியை அடுக்கினோம். கோப்பைகள் நிறைந்தன. செத்தவர் பேரைச் சொல்லித் தூக்கிய கோப்பையை அடிவரை குடிக்க வேண்டும்; மறுப்பது எங்கள் ஊரில் பிணத்தின்மேல் துப்புவதற்குச் சமம். உஷாங்கி பேச எழுந்தான்.

"நீ உக்காரு. இன்னிக்கு நான் பேசறேன்," என்று அவன் தோளை அழுத்தினான் அம்பாகோ. "இது எம் புள்ள கோச்சாவுக்கு. ரொம்ப வருசமா கேட்டீங்களே, குடிங்க."

குடித்தோம். இருமல் சத்தம் மேசை முழுக்க ஓடியது. உஷாங்கியின் கண்ணிலும் மூக்கிலும் நீர் கொட்டியது. முடிந்தது என்று நினைத்தோம். அம்பாகோ ஜாடியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவர் கோப்பையையும் மறுபடி நிரப்பினான். என் கோப்பையை நிரப்பும்போது என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். நான் கண்ணைத் தாழ்த்தவில்லை.

"இது மக்வாலாவுக்கு," என்றான். "அவ ஒரு தப்பும் பண்ணல. இத்தன வருசமா நான் அவளுக்கு ஊத்திக் கொடுத்தது இதேதான். ஒரு சொட்டு மிச்சம் வெக்காம குடிங்க."

அவன்தான் முதலில் குடித்தான். கோப்பையைக் கவிழ்த்துக் காட்டிவிட்டு, அடுத்த ஜாடியை மொண்டு வரச் சொன்னான்.