கல்வத்தை நிறுத்தப் போனவள்

ராஜபாளையத்தில் ஒருவர் இருமினால் ஊர் அதிகம் யோசிக்காது. "மில்லுல பஞ்சு தின்ன நெஞ்சுல்லா" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடும். பொன்மணி மில் வாசலை மிதித்ததே இல்லை. ஒரு மேல்நிலைப் பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில் முப்பத்துநான்கு வருஷம் லேப் அசிஸ்டென்டாக இருந்து, இரண்டாயிரத்து இருபத்திரண்டில் ஓய்வு பெற்றவள். ஆனாலும் அவளுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியபோது பழி புருஷன் ரத்தினத்தின் மேல்தான் விழுந்தது. அவர் ஸ்பின்னிங் மில்லில் இருந்தவர். அவர் சட்டையில் ஒட்டி வந்த பஞ்சு, துவைத்துப்போட்ட பெண்டாட்டியின் நெஞ்சுக்குள் போய்விட்டது என்று சொந்தபந்தம் கூடித் தீர்ப்பு எழுதியது. ரத்தினமும் அதை நம்பினார். ஆறு மாதம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்த ஆறு மாதமும் அவளுக்கு டிபி மாத்திரை கொடுத்தார்கள். நெஞ்சில் நீர் கோத்தது, எடுத்தார்கள், மறுபடி கோத்தது. கடைசியில் மதுரையில் ஒரு டாக்டர் சதையை எடுத்துச் சோதித்துவிட்டு, நுரையீரலைச் சுற்றியிருக்கும் உறையில் புற்றுநோய் என்றார்.

"அம்மா, ஆஸ்பெஸ்டாஸ் கம்பெனியில எப்பவாவது வேலை பாத்தீங்களா?"

"இல்ல சார். நான் பள்ளிக்கூடத்துல இருந்தேன்."

"நான்தான் சார் மில்லுல" என்று ரத்தினம் முந்திக்கொண்டு குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

"பஞ்சு இல்லைங்க ஐயா. பஞ்சுத் தூசியில வேற சீக்கு வரும், இது வராது. இது ஆஸ்பெஸ்டாஸ் தூசியில வர்றது. உள்ள போயிட்டு முப்பது வருஷம்கூடப் பேசாம கிடக்கும்."

ரத்தினம் அங்கேயே துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழுதார். பொன்மணி அவர் முதுகைத் தடவி, "பாத்தியளா, உங்க பஞ்சு இல்ல. இனிமேலாவது ஒழுங்காச் சாப்பிடுங்க" என்றாள். கட்டி அவளுக்கு. ஆறுதல் அவருக்கு. பொன்மணி அப்படிப்பட்டவள்.

இதையெல்லாம் ரத்தினம் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தாள் சௌந்தரவல்லி. அந்தப் பள்ளியின் வேதியியல் டீச்சர். ஸ்ரீவில்லிபுத்தூர் வடக்கு மாட வீதியிலிருந்து இருபத்தொன்பது வருஷமாகத் தினமும் பஸ் ஏறி வருகிறவள். ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியுமாக நோயாளியைப் பார்க்க வந்தவளின் கையில், சும்மா இருக்காமல், ரத்தினம் ரிப்போர்ட்டையும் கொடுத்துவிட்டார். ஆஸ்பெஸ்டாஸ் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் டாக்டர் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த ஆள் உலகத்திலேயே தான் ஒருத்திதான் என்று அவளுக்குத் தோன்றியது. சாத்துக்குடிப் பையைக் கீழே வைக்கவும் மறந்து நின்றாள்.

விஷயம் இதுதான். பன்சன் அடுப்பின் மேல் பீக்கரை வைத்துச் சூடாக்க ஒரு கம்பி வலை வேண்டும். அந்தக் காலத்து வலைகளில் நடுவில் வட்டமாக வெள்ளையாய் ஆஸ்பெஸ்டாஸ் பூசியிருக்கும். அது இரண்டு வருஷத்தில் பொரிந்து உதிர்ந்துவிடும். வருஷத்துக்கு ஆறு புது வலை வரும். பிள்ளைகளோ நாற்பது பேர். தொண்ணூற்றைந்தில் ஒரு புயல் மழைக்கு சைக்கிள் செட்டின் மேல் வேப்பமரம் சாய்ந்து, கூரைச் சீட்டெல்லாம் நொறுங்கி ஆய்வகத்துக்குப் பின்னால் குவிந்து கிடந்தது. வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத சௌந்தரவல்லி, எம்.எஸ்ஸி. தங்கப்பதக்கம், ஜன்னல் வழியே அதைப் பார்த்துச் சொன்னாள்: "இதுவும் அதே ஆஸ்பெஸ்டாஸ்தானே பொன்மணியக்கா. பொடிச்சுப் பூசிப் பாருங்களேன்."

பொன்மணி எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டாள். சீட்டுத் துண்டை இரும்புக் கல்வத்தில் இடித்தாள். சத்திரப்பட்டிப் பேண்டேஜ் துணியை இரண்டாக மடித்து அதில் சலித்தாள். கொஞ்சம் சிமெண்ட், கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பிசைந்து, டம்ளர் வாயால் வட்டம் போட்டுக் கம்பியில் அழுத்தி, மூன்று நாள் ஜன்னல் திண்டில் காயவைத்தாள். கடை வலையைவிட அவள் வலை அதிக நாள் உழைத்தது. செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த ஆசிரியர்கள் எடுத்துப் பார்த்துப் பாராட்டினார்கள். பிறகு ஒவ்வொரு வருஷமும் பொங்கல் முடிந்து வரும் சனிக்கிழமை, சுற்றுவட்டாரத்து லேப் அசிஸ்டென்டுகள் சோற்றுச் சட்டியும் சல்லடைத் துணியுமாக வந்து அவளிடம் கற்றுக்கொண்டு போனார்கள். ஆண்டுவிழாவில் அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்தும்போது கைதட்டியவர்களில் முதல் ஆள் சௌந்தரவல்லி.

சௌந்தரவல்லி கொடுக்கும் நோட்ஸிலேயே ஒரு வரி உண்டு: கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இழை நுரையீரலைக் கெடுக்கும். ஒரு மதிப்பெண் கேள்வி. வகுப்பில் அவள் அதை இரண்டு தரம் சொல்லி எழுதவைத்துக்கொண்டிருப்பாள். பக்கத்து அறையில் டொக்கு டொக்கென்று கல்வம் இடித்துக்கொண்டிருக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவளுக்கு ஒருநாளும் தோன்றவில்லை. படித்தவர்கள் இப்படித்தான், பாடத்தைப் பாடமாகவே வைத்துக்கொள்வார்கள்.

சௌந்தரவல்லி மூன்று நாள் தூங்காமல் கிடந்துவிட்டு மறுபடி வந்தாள். ரத்தினம் பால் வாங்கப் போயிருந்த நேரம் பார்த்து, "அக்கா, அந்த வலை..." என்று ஆரம்பித்தாள்.

பொன்மணி தலையணையில் சாய்ந்தபடியே, "தெரியும் டீச்சர்" என்றாள். "டாக்டர் அந்தப் பேரைச் சொன்னப்பவே தெரிஞ்சுபோச்சு. இவிய முன்னாடி சொல்லலை, அம்புட்டுதான்."

"நான்தானே சொன்னேன். அன்னைக்கு நான் வாயை மூடிட்டு இருந்திருந்தா..."

"நீங்க ஒருக்கா சொன்னிய. இடிச்சது நான், ஏழு பள்ளிக்கூடத்துக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்." மூச்சு வாங்கிக்கொண்டு நிறுத்தினாள். "அது கெடக்கட்டும். பொங்கல் முடிஞ்சிருச்சே டீச்சர். செட்டியார்பட்டி ஜெபா இந்நேரம் இடிக்க ஆரம்பிச்சிருப்பாளே?"

சௌந்தரவல்லி எதிர்பார்த்தது அழுகை. அல்லது வசவு. இல்லையென்றால், இன்னும் எத்தனை நாள் என்ற கேள்வி. சாகக் கிடக்கிறவளுக்கு முதல் கவலை ஜெபாவின் கல்வமாக இருக்கும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

செய்முறைத் தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தது. அந்த மூன்று வாரமும்தான் ஏழு பள்ளியிலும் தூசி பறக்கும் நாட்கள். சொந்தப் பள்ளியில் பொன்மணி ஓய்வு பெற்றதோடு இடிப்பது நின்றிருந்தது. சௌந்தரவல்லி சுற்றறிக்கை மாதிரி ஒன்று எழுதி அனுப்பலாம் என்றாள். பொன்மணி கேட்கவில்லை. செட்டியார்பட்டி ஜெபாவுக்கு போன் போட்டாள். ஜெபா சிரித்துவிட்டாள்: "அக்கா, காய்ச்சல்ல பொலம்புதிய. நல்லா ரெஸ்ட் எடுங்க." போனை வைத்த பொன்மணி, வேல்பாண்டியின் ஆட்டோவைக் கூப்பிடச் சொன்னாள். ரத்தினம் குறுக்கே நின்று பார்த்தார்.

"எங்க போற இந்த ஒடம்போட?"

"நான் சொல்லிக்கொடுத்ததை நான்தாங்க போய் நிறுத்தணும்."

சௌந்தரவல்லியும் கூட ஏறிக்கொண்டாள். செட்டியார்பட்டிப் பள்ளியில் ஆய்வகக் கதவைத் தள்ளியபோது ஜெபா தரையில் உட்கார்ந்து இடித்துக்கொண்டிருந்தாள். அவள் புருவம் வெளுத்திருந்தது. ஜன்னல் வெயிலில் தூசி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. வாசலிலேயே சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள் பொன்மணி.

"ஏட்டி, நிறுத்து. அப்படியே வச்சிட்டு வெளிய வா."

ஜெபா வந்தாள். பொன்மணி இருந்த கோலத்தைப் பார்த்துத் திடுக்கிட்டுப் போனாள். அந்தப் பூசணிக்காய் உடம்பில் பாதிதான் மிச்சம். வராந்தாச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு, நான்கு சொல்லுக்கு ஒருதரம் நின்று நின்று, பொன்மணி எல்லாவற்றையும் சொன்னாள்.

"நான் நல்லாத்தானக்கா இருக்கேன்?"

"நானும் நல்லாத்தான் இருந்தேன். இருபத்தெட்டு வருசம் நல்லாத்தான் இருந்தேன்."

ஜெபாவின் குரல் ஏறியது. "பதினஞ்சு வருசமா இடிக்கேன். எனக்கு ரெண்டு புள்ளைக. நீங்கதானே சொல்லிக்கொடுத்திய!"

இப்போது பொன்மணி ஒரு விரலைச் சௌந்தரவல்லியின் பக்கம் நீட்டினால் போதும், பாரத்தில் பாதி இறங்கிவிடும். நீட்டவில்லை.

"ஆமா. நான்தான் சொல்லிக்கொடுத்தேன்" என்றாள் பொன்மணி. "தப்பாச் சொல்லிக்கொடுத்துட்டேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

அழுதுகொண்டே ஜெபா உள்ளே போய் விளக்குமாற்றை எடுத்தாள். எல்லாவற்றையும் வாரிக் கொட்டிவிட வேண்டும் என்ற வெறி. "கூட்டாத!" என்று பொன்மணி கத்தியதில் அவளுக்கே இருமல் பிடித்துக்கொண்டது. டாக்டரிடம் அவள் கேட்டுவைத்திருந்தது சிகிச்சையைப் பற்றி அல்ல. தூசியைப் பறக்காமல் எடுப்பது எப்படி என்பதைத்தான். வேல்பாண்டியைக் கடைக்கு அனுப்பி நல்ல மாஸ்க் வாங்கிவரச் சொன்னாள். முதலில் தண்ணீர் தெளித்து நனைக்க வேண்டும், ஈரத்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், துணியோடு சேர்த்து இரட்டைப் பையில் போட்டு வாயைக் கட்டிவிட வேண்டும். ஒவ்வொன்றையும் வாசலில் நின்று சொன்னாள். ஜெபாவும் சௌந்தரவல்லியும் செய்தார்கள். முப்பது வருஷமாக உத்தரவு போட்டே பழகிய டீச்சர், மண்டி போட்டு அவள் சொன்ன மூலையையெல்லாம் துடைத்தாள்.

முடிந்ததும் ஜெபா கேட்டாள்: "எனக்கும் வருமாக்கா?"

"ஒண்ணும் ஆகாது" என்ற பதில் சௌந்தரவல்லியின் வாயில் தயாராக இருந்தது. எல்லோரும் சொல்வது அதுதானே. பொன்மணி ஜெபாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வராதுன்னு நான் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாது. நிறையப் பேருக்கு வராதாம். டாக்டர்கிட்ட இதை மறைக்காமச் சொல்லு, வருசா வருசம் நெஞ்சைப் பாத்துக்கோ. இன்னையோட நிறுத்திட்ட பாரு, அது நல்லது. எனக்குத் தெரிஞ்சது அம்புட்டுதான்."

ஜெபா அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பொய்யில் கிடைக்காத ஆறுதல் ஒன்று அதில் இருந்ததைச் சௌந்தரவல்லி பார்த்தாள். இவ்வளவு நாள் தன் ஆய்வகத்தில் பீக்கர் கழுவிக்கொண்டிருந்தவள் யார் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்த வாரமும் அடுத்த வாரமும் வேல்பாண்டி வேறு சவாரியே எடுக்கவில்லை. இரண்டு பள்ளியில் உடனே நிறுத்தினார்கள். ஒரு தலைமையாசிரியர், இதெல்லாம் வெளியே போனால் பள்ளிக்குக் கெட்ட பெயர் என்று குதித்தார். பொன்மணி அவர் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து, அவர் கல்வத்தைக் கொண்டுவந்து மேஜைமேல் வைக்கும்வரை எழுந்திருக்கவில்லை. இன்னொன்றில் எப்போதோ நிறுத்திவிட்டு, செராமிக் பூசிய வலைக்கு மாறியிருந்தார்கள். அங்கே மட்டும் அவள் சிரித்தாள்.

மடவார் வளாகத்துப் பக்கத்துப் பள்ளிதான் கொடுமை. அங்கே வலை பூசிய சுடலைமாடத்தி இரண்டு வருஷத்துக்கு முன்பே செத்துப்போயிருந்தாள். நெஞ்சில் நீர் கோத்து, டிபி என்று சொன்னார்களாம். அது இதுதானா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. திரும்பிவிடலாம் என்றாள் சௌந்தரவல்லி. பொன்மணி செத்தவளின் வீட்டைக் கேட்டு விசாரித்துப் போய், மகள் மாரிச்செல்வியின் முன்னால் நின்று, அதே வார்த்தையைச் சொன்னாள்: "நான்தான் உங்க அம்மைக்குச் சொல்லிக்கொடுத்தேன்." மாரிச்செல்வி ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். அவள் மன்னித்தாளா என்பது சௌந்தரவல்லிக்கு இன்றுவரை தெரியாது. பொன்மணி அதைக் கேட்கவும் இல்லை.

ஆறு பள்ளி முடிந்தது. ஏழாவது மகாராஜபுரம் பக்கம். அதற்குப் போக வேண்டிய திங்கட்கிழமைக்கு முந்தின நாள் விடியற்காலையில், தை முடிய ஐந்து நாள் இருக்கும்போது, பொன்மணி இறந்தாள். துக்கம் கேட்க வந்தவர்கள், "பாவம், பஞ்சு" என்றார்கள். ரத்தினம் ஒவ்வொருவரையும் உட்காரவைத்து, பஞ்சு இல்லை என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை சௌந்தரவல்லி பஸ் பிடித்துத் தனியாகப் போனாள். மகாராஜபுரத்துப் பள்ளியின் லேப் அசிஸ்டென்ட் தவசிமுத்து, ஓய்வு பெற நாலைந்து வருஷமே இருக்கும் மனுஷர், மரத்தடியில் கல்வத்தோடு உட்கார்ந்திருந்தார். பொன்மணி போய்விட்டாள் என்று கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார். சௌந்தரவல்லி காரணத்தைச் சொல்லிவிட்டு, இடிப்பதை நிறுத்தி, தூசியை நனைத்து எடுக்கச் சொன்னாள்.

அவர் தலையை ஆட்டினார். "டீச்சர், அந்தம்மா சொல்லிக்கொடுத்ததுல்லா இது? அவிய தப்பாச் சொல்ல மாட்டாகளே."

அவர் கை கல்வத்தை விடவில்லை. இதைத் தாண்டாமல் அந்தக் கை விடாது என்று சௌந்தரவல்லிக்குப் புரிந்தது. சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். அவளுக்கு இரண்டு நுரையீரலும் நன்றாக இருந்தன. இருந்தும் மூச்சு முட்டியது. பொன்மணி இதை நெஞ்சு நிறைய நீரோடு இடம் இடமாகப் போய்ச் சொல்லியிருக்கிறாள், அதுவும் என் பங்கையும் சேர்த்து, என்று நினைத்தபோது, வெட்கத்தைவிடப் பிரமிப்புதான் பெரிதாக இருந்தது.

"அவங்களுக்குச் சொன்னது நான்" என்றாள். "கூரைச் சீட்டை இடிக்கலாம்னு முதல்ல சொன்னதே நான்தான். எனக்குத் தெரிஞ்சிருக்கணும். தப்பு என்னோடது."

தவசிமுத்து அவளை ஏற இறங்கப் பார்த்தார். திட்டுவார் என்று அவள் நின்றாள். அவர் குழவியை மெல்லக் கல்வத்துக்குள் படுக்கவைத்துவிட்டு, தூசி எழும்பாமல் எழுந்தார்.

"நனைக்கணும்னு சொன்னியளே," என்றார், "எம்புட்டுத் தண்ணி ஊத்தணும் டீச்சர்?"